பதினான்கு பேருக்கு வந்த சிம்பதி

வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நான் இதுவரை எழுதியவற்றில், பதினான்கு பேர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்தும் போட்டது ஒன்றே ஒன்றுதான். அதை எழுதியபோது எனக்குப் பதினொரு வயது. ஆங்கிலத்தில் எழுதினேன். அதிலிருந்த முக்கியமான சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை. பின்னாளில் பத்திரிகைகளில் பத்தி எழுதிப் பிழைத்ததற்கு இந்தக் குறைதான் மூலதனம் என்று சொன்னால் தப்பில்லை.

சிம்பதி என்பதுதான் அந்தச் சொல். இப்போது அது தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. தேர்தலில் சிம்பதி ஓட்டு விழுகிறது. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிற சித்தப்பாவைப் பார்த்து, சிம்பதி தேடுகிறார் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். யாரோ ஒருவர் நம்மிடமிருந்து ஏமாற்றி வாங்கிக்கொண்டு போகிற பொருள்போல ஆகிவிட்டது. நம் வயதுக்காரர்களுக்கு, அதுவும் திருப்பூர்க்காரர்களுக்கு, அந்தச் சொல் அப்படி வரவில்லை. பனியன் கம்பெனி வாசலில் ஒலிபெருக்கி வழியாக, காதைக் கிழித்துக்கொண்டு வந்தது.

அது பங்குனி மாதம். முழுப்பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. எங்கள் தெருவில் காலையில் சலவைப் பட்டறையின் பிளீச்சிங் வாடைதான் எல்லோரையும் எழுப்பும். சேவலெல்லாம் அதற்குப் பிறகு. அப்பா ஒரு சின்ன கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மாலையில் வீடு திரும்பும்போது பஞ்சு படிந்து புருவமெல்லாம் நரைத்திருக்கும். முகம் கழுவினால் இருபது வயது குறைந்துவிடும். தினமும் என் கண்ணெதிரே நடக்கும் இந்த அதிசயத்துக்காகவே சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

அந்தக் கம்பெனியில் அப்பாவையும் சேர்த்துப் பதினான்கு பேர். முதலாளி என்றதும் கார் ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் இருந்தது சைக்கிள். அவரும் ஒரு காலத்தில் தையல்காரர். யாராவது வராவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மிஷினில் தானே உட்கார்ந்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் திட்டுகிறாரா நலம் விசாரிக்கிறாரா என்று சொற்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு தெரு தள்ளிப் பெரிய கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே ஒரு அக்கா கைமடி வேலை பார்த்தார். தையல்காரருக்குத் தைக்க வாகாகத் துணியை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை. தெருக்குழாயில் என் குடத்துக்கு முன்னால் தன் குடத்தை வைக்காத ஒரே ஆள் என்பதால் அவரை எனக்குத் தெரியும். ஆள் குறைந்த ஒருநாள் அவரைக் காலண்டர் மிஷினில் நிறுத்தினார்கள். பனியன் துணியை ஆவியில் வாட்டிச் சுருக்கம் எடுக்கிற பெரிய உருளைகள் அவை. துணியோடு வலது கையும் உள்ளே போனது. மூன்று விரல்கள் இல்லாமல் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை, அவருடைய அம்மா தங்கள் ஊரான பொங்கலூருக்கு அழைத்துப் போய்விட்டார். வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டதற்கு, “கையில்லாத ஆளுக்குக் கைமடியில என்னங்க சோலி?” என்று அந்தக் கம்பெனி மேனேஜர் திருப்பிக் கேட்டாராம். அங்கே வேலை நின்றது. பத்து நாளாகியும் அந்த ஸ்ட்ரைக் முடியவில்லை. வியாழக்கிழமை ஒருநாள் எல்லாக் கம்பெனிகளும் நிற்க வேண்டும், சிம்பதி ஸ்ட்ரைக் என்று தொழிலாளர் சங்கத்துக்காரர் அறிவித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரம். எங்கள் வாசலில் பாய் விரித்துப் பதினான்கு பேரும் உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டு படிப்பதுபோல இருந்தேன்.

“நம்ம மொதலாளி மேல ஒரு குத்தமும் இல்லீங்களே மாஸ்டர்? நாம எதுக்கு நிக்கோணும்?” என்றார் ஓவர்லாக் தைப்பவர்.

“அதானப்பா சிம்பதி. குத்தம் பண்ணாதவங்ககிட்டப் பண்றதுக்குப் பேருதான் அது,” என்றார் அப்பா.

“நிக்கறது நிக்கலாமுங்க. ஆனா சொல்லாமக் கொள்ளாம நின்னா மருவாதியா இருக்குமுங்களா? போன மாசம் என்ற பொண்ணு சீருக்கு வந்து, பந்தியில நின்னு பரிமாறுன மனுசன்.”

“அப்பச் சொல்லிப்போட்டு நிப்போம்.”

“ஆரு சொல்றது?”

சொல்ல வேண்டுமென்றால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கடைசியில் பேக்கிங்கில் இருந்தவர் ஒரு வழி கண்டுபிடித்தார். “எழுதிக் குடுத்துப்போட்டா என்னங்க? ஒருநா லீவு வேணும்னு?”

பதினான்கு முகங்களும் மலர்ந்தன. உலகத்தில் எத்தனையோ வேலைநிறுத்தங்கள் நடந்திருக்கின்றன. வேலைநிறுத்தம் செய்ய முதலாளியிடம் லீவு கேட்கலாம் என்று தோன்றியது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். தமிழில் எழுதினால் மனத்தாங்கல் மாதிரித் தெரியும், இங்கிலீஷில் எழுதினால் ஆபீஸ் மாதிரி இருக்கும் என்றும் முடிவானது.

அப்பா என் பக்கம் திரும்பினார். “அம்மிணி, சிம்பதின்னா என்ன? உங்க புஸ்தகத்துல போட்டிருக்குதா?”

பள்ளியில் இருந்த ஒரே அகராதி தலைமையாசிரியை அறையில் பூட்டிக் கிடந்தது. பதினான்கு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு மூளை வேகமாக ஓடியது. அது வந்தால் வேலைக்குப் போக முடியாது. அதற்கு லீவு கேட்கிறார்கள். அப்படியானால் காய்ச்சல் வகையாகத்தான் இருக்க வேண்டும்.

“அது ஒடம்புக்கு வர்றதுங்க அப்பா,” என்றேன்.

“செரியாத்தான் சொல்லுது,” என்றார் ஓவர்லாக்காரர் வியந்துபோய். “ஒருத்தருக்கு வலிச்சா மத்தவங்களுக்கும் வலிக்கோணும்னு சங்கத்துக்காரரு மைக்குல சொன்னாரல்லொ?”

“ஆமாங்க, அதேதான். ஒட்டுவாரொட்டி,” என்றேன் நான். அந்தக் கணத்தில் என் கல்வியின் மேல் எனக்கே மரியாதை வந்தது.

லீவு லெட்டர் உங்களுக்கு மறந்திருக்காது. அந்த வாரம்தான் டீச்சர் பத்து முறை எழுதவைத்திருந்தார். ஃபீவர் என்ற இடத்தில் சிம்பதியை வைத்தேன். “ஆஸ் வீ ஆர் சஃபரிங் ஃப்ரம் சிம்பதி, வீ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் அஸ் லீவ் ஃபார் ஒன் டே.” முடிவில் யுவர்ஸ் ஒபீடியன்ட்லி. அப்புறம் பதினான்கு பேர் பெயரும் வரிசையாக. அதற்குக் கீழே, எங்கள் பள்ளி வழக்கப்படி, பெற்றோர் கையொப்பம் என்று ஒரு கோடும் போட்டேன். எதையும் விடக்கூடாது அல்லவா?

மை பேனா என்னுடையது. அதை யாருக்கும் தரமாட்டேன். எனவே அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். துணிக்கட்டுகளில் நம்பர் போடுகிற பென்சில், எச்சில் பட்டால் ஊதாவாக மாறுமே, அது. அதெல்லாம் இப்போது எங்கே போயிற்றோ. ஒன்பது பேர் அதை நாக்கில் தொட்டுத் தொட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து பேர் அதைக் கட்டைவிரலில் தேய்த்து உருட்டினார்கள். அப்பா முதலாவதாகப் போட்டார். பெரியவர் என்பதால் பெற்றோர் கோட்டிலும் போட்டார்.

புதன்கிழமை காலை அதை முதலாளியிடம் கொடுத்ததை அப்பா அம்மாவிடம் விவரித்தார்.

“இதென்னப்பான்னாரு. லீவு லெட்டருங்கன்னேன். பதினாலு பேருக்குமான்னாரு. ஆமாங்க, சிம்பதிங்க, ஒட்டுவாரொட்டிங்கன்னேன்.”

“அதுக்கு?”

“சட்டைப் பையில வெச்சுட்டாரு. பொழுதுக்கும் ஒரு வார்த்தை பேசலே.”

அன்று சாயங்காலமே பிளாட்லாக் தைப்பவர் சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட நேரமில்லாமல் ஓடிவந்தார். முதலாளிகள் எல்லாம் கூடி முடிவு செய்துவிட்டார்களாம். தன் கம்பெனியில் தகராறில்லாமல் அடுத்தவனுக்காக நிற்கிறவன் பெயரை ஒவ்வொரு கம்பெனியும் எழுதித் தர வேண்டும். அந்தப் பட்டியலில் இருக்கிறவனை இனி ஊரில் ஒருத்தரும் வேலைக்கு எடுப்பதில்லை.

“பேரு எழுதித் தரோணுமா?” என்றார் அப்பா.

எங்கள் முதலாளி யாரிடமும் பெயர் கேட்டு எழுத வேண்டியதில்லை. பதினான்கு பெயரும் வரிசையாக, முத்து முத்தான என் எழுத்தில், அவர் சட்டைப் பையிலேயே இருந்தன.

அம்மா மட்டும் கேட்டார்: “ஏனுங்க, உங்களை ஆரு மொதக் கையெழுத்துப் போடச் சொன்னது? அதும் ரெண்டு எடத்துல?”

அப்பா அன்று சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார், பிறகு எழுந்து கை கழுவினார். கட்டிங் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. பல்லடத்தில் தறி ஓட்டப் போகலாமா என்று அம்மாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது. நாற்பது வயதில் தறியா என்று அம்மா கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பெரிய கம்பெனி வாசலில் கூட்டம். பரீட்சைக்குப் படிக்கிற லீவு என்று பொய் சொல்லி நானும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். கோஷம் போடும்போது கைகள் உயர்ந்தன. கட்டைவிரல்களும் உயர்ந்தன. சங்கத்துக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

“என்னப்பா இது, அஞ்சு பேருக்குக் கத்திரிப்பூ கலர்ல வெரலு? எங்க ரேகை வெச்சீங்க?”

ஓவர்லாக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவர் நாக்கும் ஊதா.

விஷயம் வெளியே வந்தது. சங்கத்துக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று அவர் முகம் சிவந்ததை நான் மறக்கவில்லை. “லீவு லெட்டரா? ஏய்யா, ஸ்ட்ரைக்குக்கு லீவு கேட்டா அதுக்குப் பேரு ஸ்ட்ரைக்கா? அவனவன் பொழப்பைப் பணயம் வெச்சு வெயில்ல நிக்கறான், நீங்க யுவர்ஸ் ஒபீடியன்ட்லியா?” என்றார். “அஞ்சு மணிக்குப் பொதுக்கூட்டம். அதுக்குள்ள அந்தக் காயிதத்தைத் திருப்பி வாங்கிட்டு வாங்க. இல்லீன்னா மேடையில பேரைச் சொல்லுவேன். அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது.”

ஆக, கடிதம் முதலாளியிடம் இருந்தால் பட்டியலில் பெயர். அதைத் திரும்ப வாங்காவிட்டால் மேடையில் பெயர். எழுத்துக்கு இவ்வளவு சக்தி உண்டென்று அதற்குப் பிறகு எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

திரும்ப வாங்க யார் போவது? “நீங்க பெரியவரு மாஸ்டர். நீங்க போனாத்தான் மருவாதி,” என்றார்கள் பதின்மூன்று பேரும். போனால் போகிறது, லீவுதானே என்று அவர்கள் அப்படியே மதியக் காட்சி சினிமாவுக்குப் போனார்கள். அப்பா என்னைப் பார்த்தார். “எழுதுனவளே வந்து கேட்டா ஒருவேளை குடுப்பாரு. வா.”

தார் இளகியிருந்த ரோட்டில் நடந்தோம். முதலாளி வீட்டு முன்அறையில் சிரிப்புச் சத்தம். வெளியே ஒரு கார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, வாசற்படிக்கு இப்பாலேயே துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். உள்ளே நாற்காலிகளில் இரண்டு பெரிய முதலாளிகள். எங்கள் முதலாளி தன் வீட்டிலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“உன்ற ஆளுக பதினாலு பேரும் நின்னுட்டாங்களாமா?” என்றார் கண்ணாடி போட்டிருந்தவர்.

“நின்னாங்கன்னு ஆருங்க சொன்னது?”

“கம்பெனி பூட்டியிருக்குதே?”

“லீவுங்க. லெட்டர் குடுத்துட்டுத்தான் போனாங்க.” எங்கள் முதலாளி சட்டைப் பைக்குள் கைவிட்டார். அப்பாவின் கை என் தோளை இறுக்கியது. அந்த இறுக்கம் இன்னும் அங்கே இருக்கிறது.

கண்ணாடிக்காரர் கடிதத்தை வாங்கிப் பிரித்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். உரக்கப் படித்தார். சிம்பதியில் வந்து நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பெற்றோர் கையொப்பம் வரை போய் நிமிர்ந்தார்.

“இதென்னய்யா நோவு இது?”

“ஒட்டுவாரொட்டியாமுங்க,” என்றார் எங்கள் முதலாளி, சிரிக்காமல்.

“விளையாடறயா? இதுலதான் பேரெல்லாம் இருக்குதே. இதையே குடு, பட்டியல்ல சேத்திக்கறோம்.”

“அது லீவு லெட்டருங்க. லீவு கேட்டாங்க, நான் குடுத்தேன். நிக்காத ஆளுக பேரை எப்படிங்க நிக்கறவங்க பட்டியல்ல சேத்தறது?” கையை நீட்டிக் கடிதத்தைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். “காப்பி ஆறுதுங்க.”

காப்பி அப்படியே இருக்க, இரண்டு பேரும் எழுந்தார்கள். படி இறங்கும்போதுதான் அப்பாவைக் கவனித்தார்கள். “இவனாரு?” என்றார் கண்ணாடிக்காரர்.

எங்கள் முதலாளி வாசலுக்கு வந்தார். அப்பாவைப் பார்த்ததும் முகம் மாறியது. கத்தினார்: “ஏம்ப்பா, ஒடம்பு செரியில்லைன்னு லீவு கேட்டவனுக்கு வெயில்ல இங்கென்ன சோலி? போய்ப் படு! போ! நாளைக்கு எட்டு மணிக்கு மிஷின்கிட்ட இருக்கோணும்!” நாயை விரட்டுவதுபோலக் கையை வீசினார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா செருப்பை மாட்டினார். தெரு திரும்பியதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க ஈரம் வந்தது. வேர்வை என்று நினைக்கிற வயதை நான் தாண்டியிருந்தேன். என் அப்பாவை வாசலில் நிறுத்தி விரட்டிய மனிதர் என்று அந்த முதலாளியை அன்றே தள்ளிவைத்தேன். அந்தத் தீபாவளிக்கு அவர் கொடுத்தனுப்பிய பாவாடைத் துணியைத் தைக்க விடமாட்டேன் என்று அழுதேன். எத்தனையோ வருடம் கழித்து, வேறு யாருடைய வாசலிலோ நான் நின்றுகொண்டிருந்தபோதுதான், எட்டு மணிக்கு வரச்சொன்னவர் என்ன சொன்னார் என்பது எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் இல்லை.

பதினான்கு பேரில் ஒருவர் பெயரும் பட்டியலில் ஏறவில்லை. அதற்கு விலையை அவர்தான் கொடுத்தார். முதலாளிகள் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுவது நின்றது. உள்ளூரில் நூல் தர ஆளில்லாமல் உடுமலைப்பேட்டை வரை அலைந்தார் என்று அம்மா சொல்வார்.

அன்று ஐந்து மணிக் கூட்டத்தில் சங்கத்துக்காரர் வாக்குத் தவறாமல் பெயரைச் சொன்னார். பதினான்கையும் சொல்லவில்லை, முதல் கையெழுத்தை மட்டும் சொன்னார். அப்பா கூட்டத்தின் கடைசியில் தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். சாகும்வரை அவர் ஊருக்கு லீவு லெட்டர் மாஸ்டர்.

அடுத்த வாரம் டீச்சரிடம் தைரியமாகக் கேட்டேன். சிம்பதி என்றால் அனுதாபம், இரக்கம் என்றார். அதை ஃபீல் பண்ணுவார்கள், அதனால் யாரும் சஃபர் பண்ணமாட்டார்கள், இரண்டையும் குழப்பாதே என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் ஒருவர் சோறில்லாமல் ஒரு வாரமாக அதனால் படுகிற பாட்டை டீச்சரிடம் விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. பெரிய கம்பெனியும் கொஞ்சநாளில் இறங்கிவந்தது. அந்த அக்காவுக்கு நூல் பிசிறு வெட்டுகிற வேலை தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். அவர் வரவில்லை என்று கேள்விப்பட்டோம். அத்தோடு நாங்கள் எல்லோரும் அவரை மறந்து, எங்கள் கஷ்டத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

இரண்டு வருடம் முன்பு பல்லடத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா, வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். அவரேதான். எனக்கு வந்த உற்சாகத்தில் ரசம் வருவதற்குள் முழுக்கதையையும் சொல்லிவிட்டேன். அவருக்காக நாங்கள் எழுதிய லெட்டர், ஊதா விரல்கள், வாசலில் நின்ற அப்பா, மேடையில் விழுந்த பெயர், சினிமாவுக்குப் போன பதின்மூன்று பேர். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள் என்று எனக்குப் பழக்கமான இடங்களில் எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அப்பளத்தை இடது கையால் நொறுக்கினார்.

“பதினாலு பேரும் எனக்கோசரம் லீவு போட்டீங்களாக்கும்,” என்றார். “ஆறு மாசம் படுத்துக் கெடந்தேன், ஒருத்தரும் எட்டிப் பாக்கலியே கண்ணு. அன்னைக்குப் பொங்கலூர் பஸ்ஸு ஓடலியா?”